அருளு, அம்மாவத் திருப்பச் சொல்லு

இடது கோடிக்கு வந்து, இனிமேல் போகமாட்டேன் என்று நின்றுவிட்ட ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மங்கையர்க்கரசி உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் பார்க்க ஒன்றுமில்லை, தூக்கி நிறுத்திய பானெட்டின் வெள்ளை முதுகுதான் கண்ணாடி முழுக்க, அதில் பலா இலைகளின் நிழல் அசைகிறது, அந்த முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் புருஷன் தணிகாசலத்தின் குரல் வருகிறது, அருளு, அம்மாவ வலது பக்கம் திருப்பச் சொல்லு, என்கிறது. அருளு என்கிற அருள்மொழி இவர்களுடைய ஒரே மகள், இந்நேரம் திருச்சியில் மூன்றாவது மாடி வீட்டில் ஏழு மாதக் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாள், பண்ருட்டியில் இந்த வாசலில் இருப்பது இவர்கள் இரண்டு பேரும், முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு ஒரு சாண் தூக்கி நிற்கிற ஒரு பழைய காரும்தான், ஆனாலும் சொல்லியாயிற்று, இல்லாத அருளு அதைக் கேட்டுக்கொண்டு, பானெட்டைச் சுற்றி நடந்து வந்து, ஜன்னலில் குனிந்து தன்னிடம் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் பொறுத்திருந்துவிட்டு மங்கை வலது பக்கம் திருப்புகிறாள், திருப்பத் திருப்ப அந்தப் பக்கம் ரப்பர் குழாயிலிருந்து பழைய எண்ணெய் ஒரு காலி நல்லெண்ணெய் டப்பாவுக்குள் விட்டுவிட்டு விழுகிற சத்தம் கேட்கிறது, கருகிய வாடை வருகிறது, கரைத்த சீயக்காய் நிறத்தில்தான் அது இருக்கும் என்று பார்க்காமலே தெரியும், நேற்றே பார்த்துவிட்டாள்.

நேற்று அவர் தனியாகத்தான் ஆரம்பித்தார். ஒரு மாதமாகவே தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் ஸ்டியரிங் வயிற்றுவலிக்காரனைப் போல முனகிக்கொண்டிருந்தது, கையும் கனத்தது, அவர் வாசலில் நின்று அதைக் காதால் கேட்டார், மறுநாளே கடைக்குப் போய் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெய் இரண்டு டப்பா வாங்கி வந்து வைத்துவிட்டார், நேற்று ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் கட்டை அண்டக் கொடுத்தார், பழையதை வெளியேற்ற ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்ப வேண்டும், அதே சமயம் பானெட்டுக்குள் மேலே இருக்கிற ஸ்டியரிங் எண்ணெய் டப்பா காலியாகாமல் புதியதை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஊற்றுகிற ஆளும் திருப்புகிற ஆளும் வேறு வேறாக இருந்தால்தான் ஆகிற வேலை, இந்த மனுஷன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊற்றிவிட்டு ஓடி வந்து ஒரு சுற்றுத் திருப்புகிறார், திரும்ப ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறார், மறுபடி ஓடி வருகிறார், சமையலறை ஜன்னலில் நின்று சப்பாத்தி மாவுக் கையோடு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், முதலில் சிரிப்பு வந்தது, வயசு அறுபத்து மூன்றாகிறது, ஒரு கண் பாதி தெரியாது, அடுத்த வீட்டில் ஏணி கேட்பதற்கே ஒரு வாரம் யோசிக்கிற ஆள் ஸ்டியரிங் பிடிக்க யாரைப் போய்க் கூப்பிடுவார் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுத் துணிக்கொடி பக்கத்தில் வந்து நின்று, கொடியில் கிடந்த துண்டைப் பார்த்து, அருளு, உள்ள ஒருத்தர் உக்காந்து திருப்புனாதான் ஆவும்போல இருக்குதுன்னு அம்மாகிட்டச் சொல்லு என்றார், அவள் அடுப்பைப் பார்த்து, அருளு, காலைல சமையல முடிச்சிட்டு வரேன்னு சொல்லு என்றாள்.

இப்படித்தான், பத்துப் பதினோரு வருஷமாக இப்படித்தான். அப்போது அருளு ஒன்பதாவது படிக்கிறாள், ஒரே மேசை, இவர் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், நடுவில் தலைகுனிந்து குழந்தை சோறு பிசைகிறது, அருளு, குழம்புல உப்புக் கம்மின்னு சொல்லு, அருளு, பக்கத்துலதான் கிண்ணத்துல இருக்குது, போட்டுக்கச் சொல்லு, இரண்டு சொல்லும் அந்தப் பெண்ணின் தட்டுக்கு மேலே முட்டிக்கொண்டு விழும், முதலில் அது ஒழுங்காக வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒப்பித்தது, அப்பா உப்புக் கம்மிங்கறாரு, அம்மா போட்டுக்கச் சொல்றாங்க, பிறகு போகப்போகச் சலித்துவிட்டது, வாயில் சோற்றோடு வெறுமே தலையைத் திருப்பி இவரைப் பார்க்கும், அவளைப் பார்க்கும், அதுவே செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம், பத்தாவது பரீட்சை சமயத்தில் ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, எனக்கு நாளைக்குக் கணக்கு, இன்னைக்கு ஒரு நாள் உங்களுக்குள்ள நீங்களே பேசிக்குங்களேன் என்று அழுதது, அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை, குழந்தைக்குத் தொந்தரவு இல்லாமல் இருந்தது. பிறகு அது கல்லூரிக்குப் போனது, பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டு வந்த முதல் சாயங்காலம், இரண்டு தட்டு, மூன்று நாற்காலி, மின்விசிறிச் சத்தம் மட்டும், பாதிச் சாப்பாட்டில் அவருக்குப் புரையேறியது, தண்ணீர்ச் சொம்பு அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது, அவர் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு காலி நாற்காலியைப் பார்த்து, அருளு, தண்ணி, என்றார். மங்கை சொம்பை நகர்த்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அருளு, மோர் ஊத்திக்கச் சொல்லு, என்றாள். அன்றிலிருந்து அருளு அந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை, கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, பொண்ணு லீவுல வந்திருக்காம்மா என்று கேட்பார், மங்கை ஆமாம் என்று சொல்லிவிடுவாள், நிஜமாகவே பெண் லீவில் வந்து நிற்கும்போது இரண்டு அருளில் யாரிடம் சொல்வது என்று இவர்களுக்கே தடுமாறும்.

அருளு, டப்பால புதுசு ஊத்திட்டேன், இப்ப இடது பக்கம், என்கிறது குரல், அவள் பொறுத்திருந்து இடது பக்கம் திருப்புகிறாள், சக்கரம் தரையில் படாததால் ஸ்டியரிங் இப்போது அவ்வளவு கனம் இல்லை, இடது பக்கம் போகிற ஸ்டியரிங், கொள்ளிடம் பாலம் தாண்டியதும் இடது பக்கம் திரும்பியது இதே கார்தான், அன்றைக்கு ஓட்டினது அவர், பக்கத்தில் இவள், பின்னால் பள்ளிக்கூடச் சீருடையோடு அருளு. மங்கையின் அப்பா அன்று காலையில் போய்விட்டார். சீர்காழிப் பக்கத்து ஊரில், குளித்துவிட்டு வந்து ஈஸிசேரில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார், சேதி வந்தபோது மங்கை பள்ளிக்கூடத்தில் அரசுத் தேர்வு மேற்பார்வை, போனை எல்லாம் அணைத்து அலுவலக அறையில் வாங்கி வைத்துக்கொண்டுவிடுவார்கள், தம்பி இவருக்குப் போன் போட்டான், இவர் சர்க்கரை ஆலையிலிருந்து லீவு சொல்லிவிட்டு, காரில் காற்று பார்த்து, டீசல் போட்டு, அருளை அவள் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு வந்து, தேர்வு நடக்கிற கேட்டுக்கு வெளியில் வெயிலில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார், உள்ளே ஒரு ஆளை அனுப்பவில்லை, தலைமையாசிரியரைப் பார்க்கவில்லை, மணியடித்து விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு அவள் வெளியே வந்தபோதுதான் சொன்னார். செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு ராகு காலம், அதற்குள் எடுத்தாக வேண்டும் என்று ஊரில் பெரியவர்கள் நிற்கிறார்கள், வழியில் ஒரு ரயில்வே கேட், இன்னொரு ரயில்வே கேட், பாலத்தில் கரும்பு லாரி, தெருவுக்குள் வண்டி திரும்பும்போது தெருவெல்லாம் ஈரமாக இருந்தது, வீட்டைக் கழுவிவிட்ட தண்ணீர் வாசலில் இருந்து ஓடிவந்துகொண்டிருந்தது, ஈரப்புடவையோடு அத்தைகள் எதிரில் வந்தார்கள், அதைப் பார்த்ததுமே எடுத்தாயிற்று என்று தெரிந்துவிட்டது. மகன் என்றால் அப்படியே சுடுகாட்டுக்கு ஓடியிருப்பான், மகள் தெருமுனைக்குமேல் போகமுடியாது, அப்பா முகத்தைப் பார்ப்பதற்கு ஒரு கூப்பிடு தூரம்தான் இருந்தது, அதற்குமேல் அவளுக்கு வழியில்லை.

பரீட்சை நடுவுல எப்படிக் கூப்புடறதுன்னுதான், என்று அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார். பரீட்சைதான் பெருசாப் போச்சாங்க உங்களுக்கு, என்று அவள் கேட்டாள், அந்தக் கேள்விதான் அவரிடம் அவள் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு. பதினாறாம் நாள் முடிந்து திரும்பி வரும்போது கொள்ளிடம் பாலத்தில் அவர் வேகமாக ஓட்டினார், அருளு, இனிமே என்ன அவசரம், மெதுவா ஓட்டச் சொல்லு, என்று அவள் பின்பக்கம் திரும்பிச் சொன்னாள், அப்பா, மெதுவா ஓட்டச் சொல்றாங்க என்றது அருளு, அவர் வேகத்தைக் குறைத்தார், இவ்வளவுதான், இப்படித்தான் பழகியது. கோபம் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது, முதல் ஆண்டுத் திவசம் வரைக்கும் நெஞ்சில் கல் மாதிரி இருந்தது நிச்சயம், பிறகு ஒரு நாள் தேடிப் பார்த்தால் கல்லைக் காணோம், ஆனால் அதற்குள் பேசாமல் இருப்பது அந்த வீட்டுக்குப் பழகிவிட்டிருந்தது, யார் முதலில் பேசுவது, என்னவென்று பேசுவது, இத்தனை நாள் கழித்து ஒருத்தரைப் பார்த்துச் சாப்பிட்டீங்களா என்று கேட்டால் அதற்கு அர்த்தமே வேறாகிவிடாதா, அந்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது, கோபத்தைவிட அந்த வெட்கம்தான் அவர்களைக் கட்டிப்போட்டது.

வலது பக்கம், அருளு, என்கிறது குரல், வலது பக்கம் திருப்பத் திருப்ப டிரைவிங் ஸ்கூல் மைதானம் சுற்றி வருகிறது, யார் தயவிலும் இனிமேல் எங்கேயும் போகக்கூடாது என்று அந்த வருஷமே போய்ச் சேர்ந்தாள், நாற்பத்தாறு வயதில், பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு நடுவில் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, எட்டு போடச் சொன்னால் எட்டும் இல்லாமல் ஆறும் இல்லாமல் ஒன்று போட்டாள், லைசென்ஸ் வந்த அன்றைக்குக் கார் சாவி ஃப்ரிட்ஜ் மேலே இருந்தது, அதற்கு முன்னால் அவர் சட்டைப் பையை விட்டு அது இறங்கியதே இல்லை. அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அவள் வண்டியை எடுக்கும்போது காற்று குறைந்திருந்ததில்லை, வைப்பரில் தண்ணீர் இல்லாமல் இருந்ததில்லை, மழைக்காலத்துக்கு முன்னால் டயர் மாறியிருக்கும், அருளு, பிரேக் புதுசாப் போட்டிருக்குது, மொத நாள் கொஞ்சம் நழுவும், பாத்து மிதிக்கச் சொல்லு என்பார், அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் இவ்வளவு பேச்சு வருவது வண்டியைப் பற்றி என்றால்தான். அருளு கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது அவர் கையைக் கீழே வைத்து அதன்மேல் பெண்ணின் கையை வைத்து அதன்மேல் தேங்காயை வைத்து இவள் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றினாள், அந்தக் கைமேல் தன் கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இந்த ஆள் இப்போது ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள், அவர் ஐயரைப் பார்த்து, போதும்னு அவங்ககிட்டச் சொல்லுங்க, என்றார்.

பள்ளிக்கூடத்தில் விருப்ப ஓய்வு வாங்கியாயிற்று, நாளைக் காலையில் அவள் திருச்சிக்குப் போகிறாள். அருளு வேலைக்குத் திரும்பப் போகவேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ரெண்டு பேரும் வாங்க என்றுதான் கூப்பிட்டாள், இவர் போனை வாங்கி, எனக்கு இங்க மோட்டார் இருக்குது, மரம் இருக்குது, மாடிப்படி ஏற முட்டி ஒத்துக்காது, அம்மா வரட்டும், வண்டிய எடுத்துட்டு வரட்டும், புள்ளய ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போவ வர ஒத்தாசையா இருக்கும், என்றார், கண் போனதிலிருந்து அவர் வண்டி ஓட்டுவதில்லை, வண்டியும் போய்விட்டால் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று அவள் கேட்கவில்லை, யாரைக் கேட்பது. எத்தனை நாளைக்கு என்று யாரும் பேசவில்லை, ஆனால் அவள் பெட்டியில் பட்டுப்புடவையை வைத்தாள், கம்பளியை வைத்தாள், அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றி வைத்தாள், சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது, அவர் அந்த வழியாகப் போகும்போது நின்று பார்த்துவிட்டுப் போனார், ஊருக்குப் போகிறவள் எதை எடுத்துப்போவாள், ஒரேயடியாகப் போகிறவள் எதை எடுத்துப்போவாள் என்பது தெரியாத ஆள் இல்லை. போகாதே என்று சொல்ல வேண்டாம், அவ்வளவு பெரிய வார்த்தையெல்லாம் அவள் எதிர்பார்க்கவில்லை, எப்ப வருவே என்று ஒரு தரம், அருளு நடுவில் இல்லாமல், தன் முகத்தைப் பார்த்து அவர் கேட்டுவிட்டால் போதும், அதைக் கேட்காமல் நாளைக்கு வண்டி தெருமுனை திரும்பிவிட்டால் பிறகு யாருக்கும் யாரும் இல்லை, திருச்சியில் பேசுவதற்கு நிஜமான அருளு இருப்பாள், இந்த வீட்டில் இல்லாத அருளோடு இவர் தனியாக என்ன பேசிக்கொண்டிருப்பார்.

அருளு, இஞ்சின ஒரு நிமிஷம் போடச் சொல்லு, மிச்சம் இருக்கிறதைப் பம்பே தள்ளிடும், நான் நிறுத்துன்னா நிறுத்திடணும், என்கிறது குரல். அவள் சாவியைத் திருப்புகிறாள், வண்டி உறுமி எழுகிறது, குழாயிலிருந்து எண்ணெய் கொட்டுகிற சத்தம் திடீரென்று குழாயடித் தண்ணீர் மாதிரி கேட்கிறது, அந்தப் பக்கம் அவர் புது எண்ணெயை ஊற்றுகிறார், ஊற்றுகிற வேகத்தைவிடப் பம்ப் குடிக்கிற வேகம் அதிகம், ஒரு டப்பா முடிந்து இன்னொன்றின் மூடியைத் திருக வேண்டும், எண்ணெய்க் கை வழுக்குகிறது, அவள் கண்ணுக்கு இது எதுவும் தெரியவில்லை, வெள்ளைத் தகரமும் இலை நிழலும்தான், அருளு, நிறுத்தச் சொல்லு, என்று சத்தம் வருகிறது, காதில் விழுகிறது, ஆனால் அருளு என்று ஆரம்பித்த எந்தச் சொல்லுக்கும் அவள் உடனே அசைந்ததில்லை, அது சுற்றிக்கொண்டு வருகிற வரைக்கும் காத்திருப்பது கைக்கும் காலுக்கும் பழகிக் கிடக்கிறது, சாவிமேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அருளு, அம்மாவ நிறுத்தச் சொல்லு அருளு, என்கிறது குரல் மறுபடி, உள்ளே பம்ப் கீச்சென்று அலற ஆரம்பித்துவிட்டது, காலி டம்ளரை உறிஞ்சுகிற சத்தம், தகரத்தைக் கிழிக்கிற சத்தம், அவள் பதறி, எங்கே இந்தப் பெண் இன்னும் வந்து சொல்லவில்லை என்று ஒரு கணம் ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்த்துவிட்டாள், அப்போதுதான் அந்த அலறலுக்கு மேலே, மங்கை, நிறுத்து, மங்கை, என்று கேட்டது.

சாவியைத் திருப்பிவிட்டாள். எல்லாம் அடங்கிவிட்டது, பலாமரத்தில் அணில் மட்டும் கத்திக்கொண்டிருந்தது, அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள், பெயர் வைத்த அப்பா போனபிறகு முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் பள்ளிக்கூடத்தில் உண்டு, மங்கை என்று கூப்பிட இந்த ஆள் ஒருவர்தான் மிச்சம், அவரும் கூப்பிடாததால் அந்தப் பெயரே இல்லை என்று ஆகிப்போயிருந்தது, இப்போது யாரோ கிணற்றிலிருந்து எடுத்து வெளியே போட்ட மாதிரி அது வந்து விழுந்து கிடக்கிறது. பானெட்டுக்கு அந்தப் பக்கம் அவரும் என்ன சொல்லிவிட்டோம் என்று நின்றுகொண்டிருக்கிறார் போலிருக்கிறது, எண்ணெ மொத்தத்தையும் உறிஞ்சிப்புட்டுது, உள்ள காத்து பூந்துட்டுது, என்றார், யாரிடம் என்று தெரியாதபடி, பிறகு அருளு என்று ஆரம்பித்தார், அதோடு நிறுத்திக்கொண்டார், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், காத்த வெளியேத்தணும், இஞ்சின் போடாம மெதுவா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பணும், அங்க போய் அழுத்திப் புடிக்காத, முட்டுனதும் திருப்பிடு, என்றார்.

திருப்பினாள். பொறுத்திருக்கவில்லை, சொன்னவுடன் திருப்பினாள். குழாயை மாட்டி, டப்பாவை நிரப்பிவிட்டு அவர் உள்ளே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது, நுரை வருது என்றார், இன்னும் வருது என்றார், மெதுவா என்றார், இடது, வலது, இடது, அவசரமே இல்லாத வேலை, ஒரு பெரிய கொட்டகையில் விளக்கைக் குறைத்துவிட்டு யாரோ தூளி ஆட்டுவதுபோல இருக்கிறது அவளுக்கு, தூளியில் அருளு இருக்கிறாள், ஆலைக் குடியிருப்பில் இருந்த வீடு, அவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து கரும்புச் சக்கை வாடையோடு தூளிக் கயிற்றை வாங்கிக்கொண்டு, நீ போய்ப் படு மங்கை, என்கிறார், அவள் படுத்துக்கொண்டு கயிற்றின் கிறீச்சொலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அது நடந்ததா, இப்போதுதான் நினைத்துக்கொள்கிறாளா, தூளி ஆடுகிறது, உள்ளே குழந்தையைக் காணோம், திருச்சிக் குழந்தையின் முகம் வருகிறது, ஈரத் தெரு வருகிறது, அப்பா ஈஸிசேரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், முகத்தை மறைத்துக்கொண்டு பேப்பர், எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் பேப்பர்தான் தெரிகிறது, பேப்பர் வெள்ளையாக, பெரிதாக, கண்ணாடி முழுக்க நிற்கிறது, அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும், மெதுவா, மெதுவா என்கிறது, அது பானெட்.

நுரை நின்னுட்டுது, இப்ப இஞ்சின் போட்டுத் திருப்பிப் பாரு, என்றார். போட்டாள். இந்த முறை அலறல் இல்லை, முனகலும் இல்லை, ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் தள்ளினாள், போய்விட்டது, அந்தக் கோடிவரைக்கும் அதுபாட்டுக்குப் போயிற்று, திரும்பி வந்தது, வாங்கிய புதிதில்கூட இவ்வளவு லேசாக இருந்ததில்லை, அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும், நெஞ்சு தொபுக்கென்று விழுந்துவிட்டது, அவ்வளவுதான், வேலை முடிந்தது, இனி ஜாக்கியை இறக்குவார், பானெட்டைச் சாத்துவார், கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார், நாளைக்குக் காலையில் வாசலில் நின்று வண்டியின் சத்தத்தைக் காதால் கேட்பார், சரியாக இருக்கிறது என்று தலையசைப்பார், அவ்வளவுதான். இஞ்சினை அணைத்தாள். காத்திருந்தாள். அந்தப் பக்கம் துணியால் எதையோ துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்ததையே துடைத்தார்.

இல்ல, என்றார் கடைசியில். சரியாவல. காத்து இன்னும் இருக்குது.

அவளுக்குப் புரியவில்லை. கையில் இன்னும் அந்த லேசு இருக்கிறது, ஒரு முனகல் கிடையாது, இந்த மனுஷனுக்குக் கண்தான் போயிற்று, காது போகவில்லை, அடுத்த தெருவில் மோட்டார் ஓடினால் பேரிங் போச்சு என்று சொல்கிற காது அது, ஆலையில் பழுதான பம்பை நல்ல பம்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட மேலே இருந்தவர்கள் சொன்னபோது மாட்டேன் என்று சொல்லிப் பதவி உயர்வையே விட்டுவிட்டு வந்தவர், இயந்திரத்தைப் பற்றி அவர் வாயில் ஒரு பொய் வந்து அவள் கேட்டதில்லை.

இந்தக் காத்து லேசுல போவாது, என்றார் அவர், குரல் எங்கேயோ பள்ளத்திலிருந்து வருகிறது, நாளைக்குக் கெளம்ப முடியாதுன்னு நெனைக்கிறேன், நாளைக்கும் பாக்கணும், அடுத்த நாளும் பாக்க வேண்டியிருக்கும், இப்படியே எடுத்துட்டுப் போனா கை வலிக்கும் ஒனக்கு.

அவள் ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். பதினோரு வருஷமாகக் கண்ணுக்குள் நின்ற அந்த ஈரத்தெருவுக்கும் இந்தப் பொய்க்கும் என்ன சம்பந்தம் என்று அவளால் சொல்ல முடியவில்லை, பள்ளிக்கூட வாசலில் வெயிலில் அவ்வளவு நேரம் நின்ற ஆள் அங்கே என்னென்ன சொல்லப் பார்த்திருப்பார், எது வாயில் வராமல் போயிற்று என்று இதுவரைக்கும் அவள் நினைத்துப் பார்த்ததும் இல்லை, அதற்கு அவள் மன்னித்துவிட்டாளா என்று இப்போது யாராவது கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வாள், அந்த முகம் போனது போனதுதான். ஆனால் பானெட்டுக்குப் பின்னால் ஒரு முகம் எண்ணெய்க் கையோடு பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறது. அருளு என்று நாக்கு எழுந்தது, அதை விழுங்கினாள்.

ஏங்க, என்றாள்.

துடைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

ஆமாங்க, எனக்கும் கேக்குது, என்றாள் மங்கை, கொரகொரன்னு சத்தம் இன்னும் அப்படியேதாங்க இருக்குது.

பிறகு, சரி, இடது பக்கம் திருப்பு, என்றார் அவர், அவள் ஒற்றை விரலால் திருப்பினாள், தரையில் படாத சக்கரங்கள் இரண்டும் சத்தமே இல்லாமல் இடது பக்கம் போய் நின்றன, கேக்குதா என்றார், கேக்குதுங்க என்றாள்.